மதியத்தில் அணையும் நீல விளக்கு

காற்றுக்குழாயின் கதவு திறந்திருக்கும்போது அங்கே யாரும் பேசக் கூடாது.

இப்படியொரு விதி எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததுமில்லை. புதிதாக வருகிறவன் முதல் நாள் வாயைத் திறப்பான். மற்றவர்கள் அவனை ஒரு பார்வை பார்ப்பார்கள். அவன் வாயை மூடிக்கொள்வான். அவ்வளவுதான். அந்த மருத்துவமனையின் மொட்டைமாடியில் இருந்த ஏ.சி. இயந்திர அறையில், குழாய்க் கதவைத் திறந்துவிட்டால், ஸ்பேனர் வேண்டும் என்பவர் கையைத்தான் நீட்டுவார். இருமல் வந்தவர் வெளியே ஓடிப்போய் இருமிவிட்டு வருவார்.

இது நடந்தது. நடந்த இடத்தில் நின்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தனித்தனியாகக் கேட்டாலும் ஒன்றையே சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் படிக்கிறவர் பாடு. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதில் இருட்டு இல்லை, மழை இல்லை, நாய் ஊளையிடவில்லை. எல்லாமே பட்டப்பகலில், சாப்பாட்டு நேரத்தில் நடந்தது.

அங்கே வேலை செய்தவர்கள் மூன்று பேர். மேலாள் ஃபோர்மேன். பேச்சு குறைந்தவர், குறைந்துபோனவர் என்பதே சரி. ஃபில்டர்களைக் கழற்றித் தட்டிக் கழுவுகிறவன் ஒருவன். நாள் முழுக்கத் தூசியில் நிற்பதால் அவனுக்குத் ‘தும்மல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. மூன்றாமவள் எலக்ட்ரீஷியன். மருத்துவமனை முழுக்க அவளை ‘லைட்டக்கா’ என்று கூப்பிடும். வீட்டில் அவள் பாப்பா. ஃபோர்மேனின் ஒரே மகள். வேலை நேரத்தில் அப்பாவைச் ‘சார்’ என்பாள். அதைக் கேட்டால் தும்மலுக்குச் சிரிப்பு தாங்காது.

“ஏன்க்கா, வீட்டுல சோறு போடும்போதும் ‘சார், இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா சார்’னுதான் கேப்பீங்களா?”

“உனக்குப் போட்டா ‘போதும் எந்திரிடா’ன்னு சொல்லுவேன்.”

லைட்டக்காவின் முதல் பொறுப்பு அந்த விளக்குகள். நான்காம் மாடி நுரையீரல் வார்டுக்குப் போகும் காற்று, குளிர்ந்த பிறகு, ஒரு வரிசைப் புற ஊதா விளக்குகளின் நடுவே போயாக வேண்டும். காற்றில் இருக்கும் கிருமி அந்த வெளிச்சத்தில் சாகும். பார்க்க அழகான நீலம். ஆனால் நேராகப் பார்த்துவிட்டால் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் ஆகிவிடும். அதனால் கதவில் ஒரு தடித்த கண்ணாடித் துளை. அதன் வழியாகப் பார்க்கலாம், பயமில்லை. கதவின் ஓரத்தில் ஒரு ஸ்விட்ச்சும் உண்டு. கதவைத் திறந்தால் விளக்குகள் தாமாக அணையும். வெளியே இருக்கும் பச்சைப் பொட்டு விளக்கு சிவப்பாக மாறும். மூடினால் மறுபடி பச்சை.

அந்த ஸ்விட்ச்சில்தான் எல்லாத் துயரமும் இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஃபோர்மேனின் மனைவி அந்த வார்டில், ஏழாம் எண் அறையில் படுத்திருந்தாள். தொற்றுகிற நோய். கணவனுக்கும் அனுமதி இல்லை, மகளுக்கும் இல்லை. போனில் பேச அவளுக்கு மூச்சு இல்லை. முகத்தை மூடி ஆக்ஸிஜன் மாஸ்க். ஆனால் அந்தக் குழாயின் வழியைக் கைரேகைபோல அறிந்தவர் ஃபோர்மேன். விளக்குகளைத் தாண்டியதும் முதலில் பிரியும் கிளை ஏழாம் அறைக்குப் போவது. மதியம் ஒன்று பத்துக்குப் பெரிய ஃபேனுக்கு அரை மணி நேரம் ஓய்வு. சின்ன ஃபேன் மட்டும் முனகிக்கொண்டிருக்கும். அந்த நேரம் கதவைத் திறந்து பேசினால், குரல் அப்படியே அவளுடைய கட்டிலுக்கு மேலே போய் இறங்கும்.

அவர் பேசினார். ‘பாப்பாம்மா’ என்று கூப்பிட்டு, தினமும் பேசினார். பாப்பா சமையலில் உப்பை மறந்தது, சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருப்பது, மாடிப்படிக்கு அடியில் பூனை குட்டி போட்டது. கட்டில் தலைமாட்டில் குழாயின் தகரம் இறங்கும். அதில் அவள் கரண்டியால் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் ஆமாம். ஒரு தட்டு என்றால் இல்லை.

“நல்லா தூங்கினியா?” டக். “மருந்து குடிச்சியா?” டக் டக். “என் மேல கோவமா?” டக். அவர் அந்த ஒற்றைத் தட்டுக்காகவே தினமும் அதைக் கேட்பார்.

கதவு திறந்திருந்த அந்த அரை மணி நேரமும் விளக்குகள் அணைந்திருந்தன.

அப்போது அதை அவர் நினைக்கவில்லை. அவளுக்கு இரண்டாவதாக இன்னொரு கிருமி தொற்றியபோதும் நினைக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள், நினைத்துவிட்டார். நினைத்த அன்று கதவைத் திறந்து, விளக்குகள் அணையாதபடி ஸ்விட்ச்சை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எரியும் விளக்குகளுக்கு நேரே முகத்தை நீட்டி நின்றார். சில நாட்கள் கண்ணைத் திறக்க முடியவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், “மனுஷன் அழுது அழுது கண்ணே போச்சு” என்றார்கள். அது அழுத கண் அல்ல என்று மகளுக்கு மட்டும் தெரியும். அவர் அழவே இல்லை.

பிறகு ஏழாம் அறை, துணி அடுக்கும் அறையாக மாறியது. கிளைக்குழாயின் வாயில் தகரத் தகடு வைத்து மூடினார்கள். ரிவெட் அடித்தவர் ஃபோர்மேனே. அன்றிலிருந்து குழாய்க் கதவருகே அவர் ஒரு சொல் பேசியதில்லை. அவர் பேசாததால் மற்றவர்களும் பேசவில்லை. வீட்டிலும் அப்படித்தான். நடுவீட்டில் ஒரு குழி இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போவதுபோல, அப்பாவும் மகளும் ‘அம்மா’ என்ற சொல்லைச் சுற்றிக்கொண்டே நடந்தார்கள். மகளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. என்றாவது ஒரு நாள் அப்பா அந்தக் குழிக்குள் இறங்கி அழுதுவிட வேண்டும். அழாத மனிதரை அவளால் பார்க்க முடியவில்லை.

இந்த நிலையில் வார்டைக் காலி செய்தார்கள். பழைய குழாய்களை அறுத்தெடுத்துவிட்டுப் புதிது போடுவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை ஆள் வரும். அதுவரை ஈரம் கோத்துக்கொள்ளாமலிருக்க ஃபேனும் விளக்கும் ஓடட்டும் என்றார்கள்.

திங்கட்கிழமை மதியம். லைட்டக்கா டிஃபன் டப்பாவைத் திறந்தாள். தற்செயலாக நிமிர்ந்தாள்.

சிவப்புப் பொட்டு.

எழுந்துபோய்ப் பார்த்தாள். கதவு மூடியிருந்தது. நான்கு கொக்கிகளும் இறுக்கமாக இருந்தன. கண்ணாடித் துளைக்குள் இருட்டு. மணி ஒன்று பத்து. ஒன்று நாற்பதுக்கு, யாரும் தொடாமல், பச்சை.

“விளக்குக்கும் சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு வேணும்லக்கா,” என்றான் தும்மல். “நமக்கு மட்டும்தானா?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

ஃபோர்மேன் மதியம் அந்த அறைக்கு வருவதில்லை. கீழே ஜெனரேட்டர் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார். அங்கே போய்ச் சொன்னாள்.

“சார், விளக்கு தானா அணையுது.”

“ஸ்விட்ச் தேஞ்சிருக்கும். மாத்து.”

“எப்போ அணையுதுன்னு நீங்க கேக்கலையே.”

அவர் கேட்கவில்லை. டப்பாவை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை புது ஸ்விட்ச் போட்டாள். கம்பியை ஒருமுறைக்கு இருமுறை சோதித்தாள். தும்மல் ஃபில்டர் கழுவக் கீழே போய்விட்டான். மதியம் அவள் மட்டும். சாப்பிடவில்லை. கதவுக்கு எதிரே நின்று, கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள்.

உள்ளே நீலம். அமைதியான, குளிர்ந்த நீலம்.

ஒன்று பத்து. பெரிய ஃபேன் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு நின்றது. சின்ன ஃபேன் முனகத் தொடங்கியது.

நீலம்... நீலம்...

கடைசி விளக்கு அணைந்தது.

பிறகு அதற்கு முந்தையது. பிறகு அதற்கும் முந்தையது. கோடியிலிருந்து ஒவ்வொன்றாக... அவளை நோக்கி.

அப்படி அணைய முடியாது. எல்லாமே ஒரே கம்பியில் எரிகிறவை. எரிந்தால் எல்லாம் எரியும், அணைந்தால் எல்லாம் அணையும். கோத்தவள் அவள்தான்.

முதல் விளக்கும் அணைந்தது. கண்ணாடியில் அவளுடைய கண் மட்டும் தெரிந்தது.

டக் டக்.

தகரம் சூடு ஆறினால் சத்தம் போடும். எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அது எங்கோ ஒரு மூலையில், நினைத்தபோது, தாறுமாறாகக் கேட்கும். இது அப்படி இல்லை.

டக் டக்.

...

டக் டக்.

கரண்டி. எவர்சில்வர் கரண்டி.

கொக்கிகளைக் கழற்றினாள். நான்காவது கொக்கி வழுக்கியது. கதவைத் திறந்தாள். விளக்குகள் எரிந்த குழாயில் எப்போதும் ஒரு கருகல் வாடை இருக்கும். அது இல்லை. தைல வாசனை. அம்மா நெற்றியில் தேய்த்துக்கொள்கிற தைலம்...

காற்று அவள் மணிக்கட்டில் பட்டது. வெதுவெதுப்பாக. பட்டது... நின்றது. பட்டது... நின்றது.

ஃபேன் காற்று நின்று நின்று வராது.

டார்ச்சை உள்ளே நீட்டினாள். ஏழாம் கிளை. மூடிய தகடு. அப்பா அடித்த ரிவெட்டுகள், வரிசை தப்பாமல். தகடு முழுக்கக் கொப்புளம்போலச் சிறு சிறு புடைப்புகள். எண்ணி மாளாது. அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் புடைத்தவை.

இரண்டு இரண்டாக.

வெளிச்சம் பட்டதும் சத்தம் நின்றது.

அவள் மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... தகடு புடைத்தது.

டக்.

அதன் பக்கத்திலேயே இன்னொன்று.

டக்.

‘அம்மா’ என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் நின்றது. அவ்வளவு பயத்திலும், அவ்வளவு ஏக்கத்திலும், கதவு திறந்திருக்கிறதே என்று அவள் வாய் மூடியே இருந்தது. இரண்டு வருடப் பழக்கம். அதை நினைத்துத்தான் பிற்பாடு அவள் அதிகம் அழுதாள்.

கதவை மூடினாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஒன்று நாற்பதுக்குப் பச்சை வந்தது.

அன்று வீட்டில், சாப்பிட்டு முடித்து அப்பா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். சமையலறைக் குழாய் அப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

“அப்பா, கதவைத் திறந்து ஏழாம் கிளைத் தகட்டைப் பார்த்தேன்.”

“தகரம் ஆறும்போது தட்டத்தான் செய்யும்.”

“நான் தட்டுதுன்னே சொல்லலையேப்பா.”

அவர் கை நின்றது. தண்ணீர் தட்டில் விழுந்து வழிந்தது.

“ஒண்ணா... ரெண்டா?” என்றார், திரும்பாமல்.

“ரெண்டு. விட்டு விட்டு. திரும்பத் திரும்ப.”

அவர் தண்ணீரை நிறுத்தினார். பிறகு, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“கடைசி நாள் போகும்போது கேட்டேன். நாளைக்கு வரட்டான்னு. ரெண்டு தட்டினா. நல்லா, பலமா தட்டினா. உடம்பு தேறிடுச்சுன்னு நினைச்சேன் பாப்பா. மாடிப்படியில விசிலடிச்சுட்டு எறங்கினேன். சாயந்திரம் போன் வந்துச்சு.”

“அப்புறம் அந்த நேரத்துக்கு நீங்க அங்க போகவே இல்லையாப்பா?”

“எந்த மூஞ்சிய வச்சுட்டுப் போறது? கதவைத் தொறந்து தொறந்து நான்தானே...” தட்டைத் துடைத்து வைத்தார். “வியாழக்கிழமை அறுத்துடுவாங்க. அதோட முடியட்டும்.”

“அம்மா—”

“போய்ப் படு.”

புதன்கிழமை அவள் கீழ்த்தளத்துக்குப் போனாள். அந்தக் காலத்தில் நுரையீரல் வார்டில் இருந்த நர்ஸ் இப்போது ஊசி போடும் அறையில் இருந்தார். நோயாளிகள் குறையும் வரை காத்திருந்தாள். அம்மா கரண்டியால் தட்டுவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

“மறக்குமா?” என்றார் நர்ஸ். “பன்னெண்டு மணியிலேருந்தே கூரையைப் பாத்துட்டுக் கிடப்பாங்க. ‘உங்க வீட்டுக்காரர் ரேடியோ இன்னும் ஆரம்பிக்கலையா’ன்னு நான் கேலி பண்ணுவேன். மாஸ்க்குக்குள்ள சிரிப்பாங்க.” குரலைத் தாழ்த்தினார். “உன்கிட்ட மட்டும் சொல்றேன். கடைசி வாரம் கரண்டி தூக்கற தெம்பு அவங்களுக்கு இல்லடி. கண்ணை ஒரு தரமோ ரெண்டு தரமோ மூடித் தொறப்பாங்க. நான்தான் தட்டுவேன். உங்கப்பாகிட்ட சொல்லிடாதே. மனசு விட்டுடுவாரு.”

லைட்டக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

“கடைசி நாளும் நீங்கதானா சிஸ்டர்? ‘நாளைக்கு வரட்டா’ன்னு அப்பா கேட்டாராமே. பலமா ரெண்டு தட்டு...”

நர்ஸின் கையில் பஞ்சு இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எந்த நாளைச் சொல்றே?”

“அம்மா போன அன்னைக்கு. மதியம்.”

“அன்னைக்கு விடியும்போதே போயிட்டாங்களேம்மா... அன்னைக்கு வார்டுல போனது ஒருத்தர் இல்ல ரெண்டு பேர் இல்ல. உங்களுக்குச் சொல்லவே சாயந்திரம் ஆயிடுச்சு. காலையிலேயே கட்டிலைத் தொடைச்சு, ரூமைப் பூட்டிட்டோம்.” நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை சில்லிட்டிருந்தது. “மதியம் அங்க யாருமே இல்ல பாப்பா. சாவி என் பையில இருந்துச்சு.”

வியாழக்கிழமை காலை, மாடிப்படியில் வைத்து, அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை மூடித் திறந்தது, நர்ஸ் தட்டியது, பூட்டிய அறை. அவர் கைப்பிடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “சரி” என்றார். வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவுதானா என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

குழாய் அறுக்க இரண்டு பேர் வந்தார்கள். கதவைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். அந்த இருவருக்கும் விதி தெரியாது. ஒருவர், “இதை எங்கேருந்து...” என்று ஆரம்பித்தார். தும்மல் பார்த்தான். அவர் வாயை மூடிக்கொண்டார். காரணம் தெரியாமலே.

ஒன்று பத்து. பெரிய ஃபேன் நின்றது.

படியில் காலடிச் சத்தம். ஃபோர்மேன். இரண்டு வருடங்களில் முதல்முறையாக, அந்த நேரத்துக்கு, அந்த அறைக்குள்.

யாரையும் பார்க்கவில்லை. நேராகக் குழாயின் வாய்க்குப் போனார். இரண்டு கைகளையும் தகர விளிம்பில் ஊன்றினார். உள்ளே இருட்டு.

எல்லாரும் மௌனமாக நின்றார்கள். விதி அப்படி.

“பாப்பாம்மா.”

குரல் குழாய்க்குள் போய், எங்கோ மோதி, கரகரப்பாகத் திரும்பி வந்தது. தும்மல் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

“நான்தான். நாளைக்கு வரேன்னு சொல்லிட்டு... ரெண்டு வருஷம் ஆயிடுச்சு.”

அவர் தலையைக் குழாய்க்குள் நீட்டினார்.

“நீ காத்துட்டு இருப்பேன்னு எனக்குத் தெரியாது. நான்தான் உன்னைக் கொன்னுட்டேன்னு... பயந்துட்டேன் பாப்பாம்மா. அதான் வரல.” மூச்சு வாங்கினார். “என் மேல கோவமா?”

சின்ன ஃபேன் முனகியது.

டக்.

ஒரே ஒரு தட்டு. லைட்டக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னைக்கு இந்தக் குழாயை எடுத்துடுவாங்க. நாளைக்கு வர எனக்கு வழியில்ல.” அவர் குரல் உடைந்தது. “நான்... போகட்டுமா?”

டக்.

எல்லாரும் இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தார்கள்.

காத்திருந்தார்கள்...

அது வரவே இல்லை.

ஃபோர்மேன் திரும்பி மகளைப் பார்த்தார். அவருடைய கன்னங்கள் இரண்டும் நனைந்திருந்தன. அறுக்க வந்தவர் கையிலிருந்த மெஷினைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். ஃபில்டர் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, குழாய் வாயருகே ஃபோர்மேன் உட்கார்ந்தார். முகத்தைத் துடைக்கவில்லை.

“சரி, போகல,” என்றார், அந்த அறை முழுக்கக் கேட்கும்படி. “கேளு... மாடிப்படிக்குக் கீழ அந்தப் பூனை இருந்துச்சே, அது மறுபடியும் குட்டி போட்டிருக்கு...”